அம்மனுக்கு வைத்த ஊதாப்பூ

எங்கள் ரப்பர் தோட்டத்துக்குக் கீழே, இரத்தினபுரி டவுனுக்குப் போகும் வழியில் ஒரு குளம் இருக்கிறது. இரண்டு வருஷமாக அதில் தண்ணீரே தெரியவில்லை. பச்சைக் கம்பளி போர்த்தினாற்போல ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது. "அது வெறும் சேத்துக்காடு, மண்ணப் போட்டு நெரப்புனா கடை கட்டலாம்" என்று டவுனில் பேச்சு. அளக்க ஆள் வரப்போகிறது என்றும் கேள்விப்பட்டேன். அந்தச் செடியைக் குளத்தில் விட்டவளே நான்தான்.

நிவித்திகல சந்தையில் பூ ஊதாவாக அழகாக இருக்கிறதே என்று வாங்கி, வேரோடு பேசினில் வைத்து மாரியம்மன் முன்னால் வைத்தேன். சாமிக்கு வைத்த பூவை நாங்கள் குப்பையில் போட மாட்டோம், கால்படாமல் தண்ணீரில்தான் விடுவோம். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டு பக்தியோடு விட்டேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்ட கதைதான்.

மழை பெய்தால் ரப்பர் மரத்தில் பால்வெட்டு வேலை இல்லை. அளக்க வருவதற்குள் தண்ணீரைக் காட்டிவிட வேண்டும் என்று, அப்படி ஒரு நாள் எங்கள் லயத்து வரிசை வீட்டு ஆட்கள் எல்லோரும் கயிறும் கத்தியுமாக இறங்கிச் செடியை இழுத்தோம். மனசு கேட்காமல் எங்கள் காம்பரா அறைக்குப் பக்கத்து அறை அக்காவிடம் உண்மையைச் சொன்னேன்.

"அக்கா, இத இங்க விட்டதே நாந்தாங்க."

முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"நீ மட்டுமா? ஒங்கிட்ட கன்னு வாங்கி நானுந்தானடி விட்டேன்!"

இடுப்பளவு சேற்றில் நின்ற கோயில் பூசாரி, "அப்ப என்னையும் சேத்துக்கங்க. திருவிழாவுக்கு வந்த ஊதாப்பூவெல்லாம் வேரோட நாந்தான் கொண்டாந்து கொட்டுனேன்" என்றார். சிரித்த சிரிப்பில் கயிறு நழுவி நாலு பேர் சேற்றில் உட்கார்ந்தோம். இவ்வளவு பெரிய குற்றத்தை இவ்வளவு சந்தோஷமாக யாரும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள்.

மூன்று மழைநாள் இழுத்தோம். தண்ணீர் தெரிந்தது. அடுத்த நாளே அளக்கிற அதிகாரி வந்துவிட்டார். அவர் ஃபாரத்தில் ஏற்கெனவே 'தரிசு நிலம்' என்று எழுதியிருந்தது. டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு யாராவது நடக்க வேண்டும் என்றார். முந்திக்கொண்டு நான் வாங்கிக் குளத்தில் இறங்கினேன். முழங்கால், இடுப்பு, நெஞ்சு என்று தண்ணீர் ஏறியது. திரும்பிப் பார்த்து, "இன்னும் போகவா மாத்தயா?" என்று சிங்களத்தில் கேட்டேன்.

"எப்பா, எப்பா!" வேண்டாம் வேண்டாமென்று பதறிக் கையை ஆட்டினார்.

கரையேறிப் பார்க்கிறேன், நிலம் என்றிருந்ததைப் பேனாவால் வெட்டிவிட்டு, அதற்கு மேலே 'வெவ' என்று எழுதிக்கொண்டிருந்தார். குளம் என்று அர்த்தம். எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். ஈரச் சேலையோடு எட்டிப் பார்த்து அதை இரண்டு தரம் வாசித்தேன்.