சாட்டிலைட்டுக்குக் காத்திருந்த தலைவர்

ஓட்டப் பந்தயத்தில் நேரம் குறிக்கிற வேலை என்பது, மூச்சு வாங்கிக்கொண்டே புளுகுகிறவர்களை வரிசையில் நிற்கவைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிற வேலை. ரேஷன் கடையிலோ டிக்கெட் கவுன்ட்டரிலோ மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பிழைக்கிற அத்தனை பேருக்கும் என் கஷ்டம் சொல்லாமலே புரியும். எங்கள் ஊர் ஓட்டக்காரர் சங்கம் வருஷத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை சாலை ஓட்டமும் ஞாயிற்றுக்கிழமை தொடர் ஓட்டமும் நடத்தும். ஓடுகிறவர் நெஞ்சில் குத்திக்கொள்கிற நம்பர் தாளின் பின்னால் ஒரு சிப் ஒட்டியிருக்கும். தரையில் விரித்த ‘மேட்’ என்கிற என் ரப்பர் பாயைத் தாண்டினால் லேப்டாப்பில் நேரம் விழும். இதில் சண்டை போட என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் புதுச்சேரிக்கு ஒரு நடை வந்து பார்க்கலாம்.

எட்டு ஆகாது

வெள்ளிக்கிழமை நம்பர் தாள் கொடுக்கிற நாள். ஒருவர் தன் தாளை வாங்கி, இலக்கங்களைக் கூட்டிப் பார்த்து, சுட்டதுபோலத் திருப்பி மேசையில் வைத்தார். கூட்டினால் எட்டு வருகிறதாம். வேறு கொடுத்தேன். அது நாலு. நாலும் எட்டுக்கு உறவாம். பின்னால் முப்பது பேர் நிற்கிறார்கள். இவர் என் பெட்டியில் கைவிட்டு ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டிருக்கிறார். வயிற்றைப் பார்த்தால் ஓடிப் பல மாதம் ஆனவர் போலத் தெரிந்தது. பயிற்சி எடுத்தீர்களா என்று கேட்டேன்.

“பயிற்சி இல்லாம ஓடிரலாம் சார், எட்ட வச்சிக்கிட்டு ஓட முடியாது.”

அஞ்சரை என்றால் அஞ்சரை

சனிக்கிழமை காலை அஞ்சரைக்கு மூத்தோருக்கான மூன்று கிலோமீட்டர். கடற்கரைச் சாலையில் கொடி அசைக்க வேண்டிய விருந்தினர் வரவில்லை. அவர் வராமல் மேட்டை ஆன் செய்யக் கூடாது என்று எனக்கு உத்தரவு. பெரியவர்கள் எல்லோரும் கையைக் காலை ஆட்டி, ஆட்டி, கடைசியில் ஆட்டத் தெம்பில்லாமல் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்ற, எல்லோரையும் சாருக்குப் பதில் முசே என்கிற ஒரு சொல்தா மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார், ஓடினார். ஒருவரும் தடுக்கவில்லை. விருந்தினர் ஆறு மணிக்குக் காரில் வந்து இறங்கியபோது மனிதர் ஓடி முடித்து, முகம் துடைத்து, என் மேசைக்கு எதிரே சர்டிபிகேட்டுக்கு நின்றுகொண்டிருந்தார். லேப்டாப்பில் உங்கள் நேரமே விழவில்லையே ஐயா என்றேன்.

“அஞ்சரைன்னு எழுதியிருந்தீங்க, அஞ்சரைக்கு ஓடிட்டேன் முசே, நீங்க ஏன் குறிக்கலன்னு நான்தான் உங்களக் கேக்கணும்.”

நனையக் கூடாது

பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில் ஒருவருக்கு நேரமே பதிவாகவில்லை. மெஷின் டுபாக்கூர், நான் டுபாக்கூர், சங்கமே டுபாக்கூர் என்று கால் மணி நேரம் கத்தினார். நம்பர் தாள் எங்கே என்று கேட்டேன். பேன்ட்டிலிருந்து பர்ஸை எடுத்தார். பர்ஸுக்குள் எட்டாக மடித்து, ஏடிஎம் கார்டுக்கும் சாமி படத்துக்கும் நடுவில் பத்திரமாக வைத்திருந்தார். சிப் இரண்டாக உடைந்திருந்தது.

“வேர்வையில நனஞ்சா கெட்டுப்போயிரும்னுதான சார் உள்ள வச்சேன், அக்கறையா வச்சா அதுவும் தப்பா?”

வாட்ச் சொன்னால் சரி

இனிமேல்தான் தலைவர் வருகிறார். சங்கத் தலைவர், டைல்ஸ் கடை முதலாளி. அவர் கையில் கட்டியிருப்பதை வெறும் வாட்ச் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். நாடித்துடிப்பு, தூக்கம், தாகம், சாட்டிலைட்டைப் பிடித்து ஓடிய தூரம் எல்லாவற்றையும் அதுதான் அவருக்குச் சொல்லும். தாகத்தைச் சொல்ல ஒரு கருவி வேண்டியிருக்கிற மனிதர்.

சனிக்கிழமை பத்து கிலோமீட்டரில் சங்கத்து உறுப்பினர்களில் முதல் நாலு பேர் ஞாயிற்றுக்கிழமை ஏ அணி. அந்த அணிதான் அடுத்த மாதம் சென்னைப் போட்டிக்கும் போகும். ஐந்தாவது ஆள் ரிசர்வ். நாலாவதாக வந்தவள் கலா. வைத்திக்குப்பத்துப் பெண், கோரிமேட்டில் ஆஸ்பத்திரியில் அட்டெண்டர் வேலை. வார்டில் டூட்டி மாற்றி மாற்றி, கிடைத்த நேரத்தில் ஓடிப் பழகியவள். ஊர் தாண்டி ஒரு போட்டிக்கும் போனதில்லை. இந்த நாலாவது இடத்துக்காகத்தான் ஒரு வருஷமாக ஓடினேன் என்று நம்பர் வாங்க வந்தபோதே சொல்லியிருந்தாள். தலைவர் அவளுக்கு இருபத்தெட்டு நொடி பின்னால் ஐந்தாவதாக வந்தார்.

நேராக என் சாமியானாவுக்கு வந்து மணிக்கட்டை என் மூக்குக்கு நேரே நீட்டினார். பாதை பத்து கிலோமீட்டரைவிட நூற்றைம்பது மீட்டர் அதிகமாம். தன் வாட்ச் கணக்குப்படி பத்து கிலோமீட்டரை அவர் எப்போதோ முடித்துவிட்டாராம். அந்த நேரத்தைப் போடு என்றார். எல்லோரும் அதே ரோட்டில்தானே சார் ஓடினார்கள் என்று கேட்டேன். கேட்டேனே தவிர, போட்டுவிட்டேன். வருஷா வருஷம் என்னைக் கூப்பிடுகிறவர் அவர்தான். கலா ரிசர்வுக்கு இறங்கினாள். போர்டில் நான் ஒட்டிய தாளைப் பார்த்துவிட்டு டூட்டிக்குக் கிளம்பினாள். தலைவர் தெளிவாக இருந்தார்.

“அந்தப் பொண்ணு வாட்சே கட்டலியேப்பா, அது எவ்ளோ தூரம் ஓடுச்சுன்னு யாருக்குத் தெரியும்?”

கோட்டக்குப்பத்தில்

ஞாயிறு தொடர் ஓட்டம் கனகசெட்டிக்குளத்தில் தொடங்கி, நடுவில் தமிழ்நாட்டுக்குள் போய்த் திரும்பி, கடற்கரைச் சாலையில் முடியும். நாலு பேர், ஆளுக்கு மூணரை கிலோமீட்டர். ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு மாறுகிற பேட்டன் கோலில் சிப் ஒட்டியிருக்கும். கடைசியாகக் கை மாறுகிற இடம் கோட்டக்குப்பம்; அங்கே மேட் போட்டு உட்கார்ந்திருந்தேன். கடைசி ஓட்டம் தலைவருடையது. அவருடைய பையையும் தண்ணீர் பாட்டிலையும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ரிசர்வ் ஆள் கலா.

ஏ அணியின் மூன்றாவது ஆள், பாங்கில் வேலை பார்க்கிற, சங்கத்துக்குச் செயலாளருமான ரமேஷ், முதல் ஆளாகப் பேட்டனை நீட்டிக்கொண்டு வந்தார். தலைவர் வாங்கவில்லை. ஒரு கையை வானத்துக்குத் தூக்கி, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார். வாட்சுக்கு சாட்டிலைட் கிடைக்கவில்லையாம். கிடைக்காமல் ஓடினால் ஓடிய கணக்கே வராதாம். பின்னால் வந்த ஓர் அணி கை மாற்றிக்கொண்டு போனது. இன்னொன்றும் போனது. ரமேஷுக்கு அழுகை வராத குறை. பேட்டனைக் கலா கையில் திணித்தார். ரிசர்வ் ஆள் ஓடலாம் என்று விதியே இருக்கிறது. அவள் பையையும் பாட்டிலையும் என் மேசையில் வைத்துவிட்டு ஓடினாள்.

“இரும்மா, வந்துரும், நாலு கோடுல மூணு வந்துருச்சு.”

வைத்திக்குப்பத்தில்

கொஞ்ச நேரத்தில் சாட்டிலைட் கிடைத்துவிட்டது. தலைவர் வெறுங்கையோடு ஓட ஆரம்பித்தார். இவர் எதற்கு ஓடுகிறார் என்று ரமேஷ் என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. கடைசி அணியும் கை மாற்றிப் போனதும், மேட்டைச் சுருட்டிக்கொண்டு, முடிவிடத்தில் போட்டிருந்த இன்னொரு மேட்டைப் பார்க்க வண்டியில் பின்னால் போனேன்.

வைத்திக்குப்பத்தில் ரோட்டோரம் மீன் விற்கிற பெண்கள் கலாவைச் சிறு பிள்ளையிலிருந்து பார்ப்பவர்கள். கையில் எதையோ பிடித்துக்கொண்டு அவள் தலைதெறிக்க ஓடுகிறாள். பின்னாலேயே ஒரு ஆள் வேர்த்து விறுவிறுத்து ஓடி வருகிறான். மூன்று பேர் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தலைவரை நடுரோட்டில் மறித்துக்கொண்டார்கள். வாட்ச் கட்டிய கையைத்தான் பிடித்திருந்தார்கள். நாங்க ஒரே அணிம்மா, ஒரே அணி என்று அவர் சத்தியம் செய்துகொண்டிருந்தார். நான் இறங்கி விளக்கியிருக்கலாம். வண்டியை நிறுத்தாமல் போனேன். அதற்காக இன்றைக்கும் வருத்தமில்லை.

“ஒரே ஆளுங்கன்னா கூட ஓட வேண்டியதுதானய்யா, எங்க புள்ளைய ஏன் பின்னால வந்து தொரத்துற?”

புதிய தாள்

முந்திப் போன இரண்டு அணிகளில் ஒன்றைக் கலா பிடித்துவிட்டாள். ஏ அணிக்கு இரண்டாம் இடம். வெகு நேரம் கழித்துத் தலைவர் வந்து சேர்ந்தார். பட்டியலில் கடைசி ஆள் தான்தான், அதனால் அந்த நேரத்தைத் தன் பெயரில் போட வேண்டும் என்றார். தான் ஓடியதற்கு வாட்சில் ஆதாரமும் காட்டினார்.

எனக்குச் சட்டென்று அலுத்துப்போய்விட்டது. அவர் பேசப் பேச, கலா பெயரைப் போட்டு முடிவை அச்சடித்தேன். அதோடு நிற்காமல் சனிக்கிழமைப் பட்டியலையும் எந்திரம் குறித்தபடி மாற்றி, நாலாவது கலா, ஐந்தாவது தலைவர் என்று அதையும் அடித்துப் போர்டில் ஒட்டினேன். எல்லோர் கண்ணுக்கும் எதிரே ஒட்டியதைக் கிழிக்கத் தலைவருக்குக் கை வரவில்லை. சென்னைக்குப் போகும் நாலு பேரை ரமேஷ் அந்தத் தாளைப் பார்த்துத்தான் எழுதினார். அடுத்த வருஷம் என்னைக் கூப்பிட மாட்டார்கள், போகட்டும்.

கலா வந்து, விரல் வைத்து, தன் பெயரை இரண்டு தாளிலும் படித்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்து நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“நேத்து அந்தத் தாள ஒட்டுனதும் நீங்கதான சார்?”

நொடியில் நூறில் ஒரு பங்கைக்கூடத் தவறவிடாத மெஷினை வைத்துக்கொண்டு, அந்தப் பந்தயத்தில் ஒரு நாள் முழுக்க லேட்டாக வந்து சேர்ந்தவன் நான்தான்.