கலவை மேசையில் ஒரு கதிரை

எண்பதுகளில், பிரெஞ்சு பேசும் சுவிஸ் பள்ளத்தாக்கு ஒன்றில், நுரை வைன் செய்யும் பழைய நிறுவனத்தில் வேலை செய்தேன். சரிந்த பலகைகளில் தலைகீழாகச் செருகியிருக்கும் போத்தல்களை, மண்டி வாய்ப்பக்கம் இறங்கும்படி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவேன்.

குளிர் விடும் காலத்தில் கலவை நாள் வரும். பல தோட்டத்து வைன்களையும் முந்தைய வருடங்களில் எடுத்துவைத்த வைனையும் ருசி பார்த்து, எதில் எவ்வளவு என்று முதலாளி முடிவு செய்வார். விளைச்சல் எப்படி இருந்தாலும் அவருடைய பூட்டன் காலத்து ருசி மாறக்கூடாது. நிலவறைத் தொழிலாளி ஒருவரும் அந்த மேசையில் இருந்து ருசி சொல்ல வேண்டும் என்பதும் பூட்டன் வைத்த வழக்கம்.

அந்த இடத்தில் இருந்த கிழவர் ஓய்வு பெற்றதும், கதிரை எனக்குத்தான் என்று நம்பினேன். கேட்க வாய் வரவில்லை. எனக்கு மூன்று வருடம் பிந்தி வந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவரைக் கூப்பிட்டார்கள். பிழை பிழையாகப் பிரெஞ்சு பேசி எல்லோரையும் சிரிக்க வைப்பவர்.

கலவை நாளுக்கு முதல் நாள் மத்தியானச் சாப்பாட்டில் என்னிடம் கேட்டார்.

"அண்ணை, அந்த ருசி பாக்கிற அறை கழுவுறது நீங்கள்தானே. நாளைக்கு நான் என்ன செய்யவேணும்?"

"ஊத்தித் தருவினம். குடிச்சிட்டு எப்பிடியெண்டு சொல்லு."

"மேசைக்குக் கீழை ஒரு வாளி கிடக்குதே, அது என்னத்துக்கு?"

வாயில் எடுத்ததைத் துப்பும் வாளி அது. வருடா வருடம் அதைக் கழுவியவன் நான்.

"மிச்சம் ஊத்துறதுக்கு. முதலாளிக்கு முன்னாலை துப்பிப்போடாதை. மரியாதையில்லை."

"ஓம், அது சரிதானே."

பெரியவர்கள் முன்னால் துப்பாதே என்று வளர்ந்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. இருபது கிளாஸுக்கு மேல் வரும். எல்லாவற்றையும் விழுங்கினால் பாதியிலேயே வெறி ஏறி நாக்கு மரத்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

மறுநாள் அவர் நிதானமாக இறங்கி வந்தார்.

"பாவம் அண்ணை, உங்களுக்கும் ஒருத்தரும் சொல்லேல்லைப் போல. அது துப்புற வாளியாம். மூண்டு கிளாஸ் விழுங்கிப்போட்டு, தலை சுத்துது, துப்பலாமோ எண்டு கேட்டன். முதலாளி விழுந்து விழுந்து சிரிச்சார்."

"ருசி சொன்னனியோ?"

"நான் நல்லம் எண்ட பழைய வைனைக் கொஞ்சம் கூட்டினவை."

என்மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அதற்காகவும் அவர்மேல் எரிச்சல் வந்தது.

அடுத்த வருடம் முதலாளியிடம் சொல்லி, எனக்கும் ஒரு கதிரை போடுவித்தார்.

"வாங்கோ அண்ணை, நீங்கள் என்னைவிடப் பழைய ஆள்."

தடிமன், மூக்கடைப்பில் ருசி தெரியாது என்றேன். கூச்சம் என்று நினைத்திருப்பார். அவர் கேட்டு வாங்கித் தந்த கதிரையில் போய் இருக்க எனக்கு மனம் வரவில்லை. நிலவறையில் நின்று போத்தல் திருப்பினேன். மேலே எல்லோரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.