லினக்ஸ் வீட்டில் ஒரு லாரி

போன ஞாயிறு பகல் பதினொன்றரை மணிக்கு, என் மனைவி சுமதி ஓட்டிக்கொண்டிருந்த லாரி பாதி ரோட்டில் மறைந்துபோனது.

பதறாதீர்கள். கம்ப்யூட்டர் கேமில்தான். திரை கறுப்பாகி, ஃபேன் சத்தம் நின்று, பெட்டியே மொத்தமாக ஆஃப். ஆனால் சுமதி நிஜ லாரியே கவிழ்ந்ததுபோல உட்கார்ந்துவிட்டாள். காரணம் இருக்கிறது. அவளுக்குப் பின்னால் இன்னொரு லாரி வந்துகொண்டிருந்தது. அதைப் பக்கத்து ஊரான சோமனூரில் தன் வீட்டிலிருந்து ஓட்டியவன் அவள் தம்பி செந்தில்... இரண்டு வருஷமாக அவளோடு பேசாத தம்பி.

என்ன சண்டை? புது வீடு கட்டியவன் கிரகப்பிரவேசப் பத்திரிகையை அக்காவுக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டான். கூடப் பிறந்தவளை நேரில் வந்து அழைக்க வேண்டாமா? இவள் போகவில்லை. அக்கா வராமலே பால் காய்ச்ச வேண்டியதாகிவிட்டதே என்று அவனுக்கும் கோபம். யார் முதலில் போன் செய்வது என்பதிலேயே இரண்டு தீபாவளி போய்விட்டது.

அதற்கு முன்னால் ஞாயிறு தவறாமல் அக்காவும் தம்பியும் அவரவர் வீட்டிலிருந்து இந்த லாரி கேம் ஆடுவார்கள். சண்டைக்குப் பிறகு அவள் பழைய லேப்டாப்பும் செத்துப்போனது. போன மாதம் ஒரு நாள், துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "ஏனுங்க, அந்த லாரி கேம் உங்க லினக்ஸ்ல ஓடுமுங்களா?"

அவள் கேட்டது லாரியைப் பற்றி இல்லை என்பது கூடப் புரியாமலா இருபது வருஷம் குடித்தனம் நடத்துகிறேன்?

ஆனால் ஒரு சிக்கல். அந்த கேமுக்கு விண்டோஸ் வேண்டும். நானோ பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் கம்ப்யூட்டர் சிஸ்டம் பார்ப்பவன். வீட்டுக் கம்ப்யூட்டரை இயக்க லினக்ஸ் தவிர வேறு எதையும் ஏற்ற மாட்டேன் என்று எங்கள் ஏரியா மண்ணரை பூராவும் பீற்றிக்கொண்டவன். அதனால் ஒரு நடுவழி பிடித்தேன் — வெர்ச்சுவல் மெஷின். அதாவது கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர். வீட்டு ஓனர் லினக்ஸ். உள்ளே ஒரு போர்ஷனில் விண்டோஸ் வாடகைக்கு. கேம் வேகமாக ஓட வேண்டுமே என்று, திரையில் படம் காட்டுகிற கிராஃபிக்ஸ் கார்டு இரண்டு போட்டேன். சின்னது ஓனருக்கு, பெரியது வாடகைக்காரருக்கு. என்ன நியாயம் பாருங்கள்!

இரண்டு வாரம் மல்லுக்கட்டினேன். படம் வந்தால் சத்தம் வராது. சத்தம் வந்தால் கீபோர்டு வேலை செய்யாது. சுமதி காபியை வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போவாள். அந்தக் கேட்காமல் போவது இருக்கிறதே... அதற்காகவே விடாமல் உட்கார்ந்தேன்.

எல்லாம் சரியானதும் கடைசியாக ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். எங்கள் தெருவில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் பனியன் பஞ்சு பறந்து வரும். கம்ப்யூட்டர் ஃபேனில் அடைத்துக்கொள்ளுமே என்று, கம்பெனியில் கிடந்த சாம்பிள் துணியில் ஒரு துண்டு வெட்டி, பெட்டிக்குள் காற்று நுழைகிற முன்பக்கத்தில் இழுத்து ஒட்டிவிட்டேன். பெருமை வேறு.

அந்த ஞாயிறு காலை சுமதி கேமுக்குள் நுழைந்தது தம்பியின் திரையில் தெரிந்திருக்கும், உடனே அவனிடமிருந்து மெசேஜ் வந்தது: சேர்ந்து ஓட்டலாமா? வெகுநேரம் அதையே பார்த்துவிட்டு, சரி என்று அமுக்கினாள். ஹெட்செட்டை மாட்டியும் இருவரும் பேசவில்லை. பிறகு ஒரு வளைவு வந்தது. அவன் ஏதோ சொன்னான் போல. "தெரியுதுடா" என்றாள் இவள். இரண்டு வருஷத்தில் முதல் வார்த்தை. அடுத்து பாலம் வந்தது, டோல்கேட் வந்தது, பேச்சும் வந்தது. அப்போது பார்த்துத்தான் பெட்டி அணைந்தது.

"நானே கட் பண்ணிட்டேன்னு தம்பி நெனச்சுக்குவானுங்க" என்று சொல்லி அழுதேவிட்டாள்.

அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளாகவே போன் அடித்தாள். மூன்று முறை. அவன் எடுக்கவில்லை. ஆறுதல் சொல்லப் போய் நான்தான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதே கோபத்தில் பெட்டி முன்னால் குனிந்தவள் அந்தத் துணியைத் தொட்டாள். பதினெட்டு வருஷம் பனியன் கம்பெனி செக்கிங் செக்‌ஷனில் துணி தடவிய விரல்.

"இது குளிருக்குப் போடற சட்டைத் துணிங்க. இதைக் கொண்டுபோயி மூக்குல கட்டுனா அது எப்படிங்க மூச்சு உடும்?"

காற்றுப் போகாமல் பெட்டி சூடேறித்தான் நின்றிருக்கிறது.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். வாசலில் பைக் சத்தம். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் செந்தில் நின்றுகொண்டிருந்தான்.

"என்னக்கா... கோவத்துல கட் பண்ணிப்போட்டயா?"

"நான் எங்கடா பண்ணுனேன்? உங்க மாமன் பண்ணுன வேலை" என்று அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்த் துணியைக் காட்டினாள். காட்டி முடித்த பிறகும் கையை விடவில்லை. வண்டியில் வந்துகொண்டிருந்ததால்தான் போனை எடுக்கவில்லையாம்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொன்னால் என்ன? இரண்டு வாரம் நான் உழைத்தது அந்தப் பெட்டி ஓடுவதற்கு. காரியம் நடந்ததென்னவோ அது நின்றபோது! நேரில் கிளம்பி வருவதற்கு நம்மில் பல பேர் இப்படி ஒரு பழுதுக்காகக் காத்திருக்கிறோமோ என்னவோ.

சாப்பிடாமல் அவனை விடவில்லை சுமதி. கோழிக் குழம்பில் இருந்த கறி அத்தனையும் தம்பி இலைக்குப் போய்விட்டது. எனக்குக் கிடைத்தது வெறும் குழம்பு... இருபது வருஷத்தில் அவள் இவ்வளவு ருசியாக வைத்ததே இல்லை!