பாறை வெட்டில் பளிங்கு

கே.கே. நகர் வீட்டுச் சமையலறைக்குக் கிரானைட் பலகை அறுத்தபோது ஈரத்தோடு எழுந்த கல்மாவின் வாசனை, வாடிப்பட்டிக்கு அருகே சாலைக்காகக் குன்றை வெட்டிய இடத்துக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. நான்குவழிச் சாலை வந்தபின் அந்தக் குன்றே இல்லை.

பள்ளி விட்டதும் நானும் பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவும் அங்கேதான் போவோம். லாரிகள் கடக்கும்போதெல்லாம் அதிரும் அந்தப் பாறைச் சுவரில், நகம் பட்டாலே ஏடு ஏடாக உரியும் காக்காப்பொன்னும், மாதுளை முத்துப் போன்ற சிவப்புக் கற்களும், வெடிப்புகளுக்குள் ஆறு பட்டையாக வளர்ந்த பளிங்கும் இருந்தன. ஆணியால் நெம்பி எடுத்து, எச்சில் தொட்டுத் துடைத்து, வெயிலில் பிடித்துப் பார்ப்போம்.

ஓர் ஐப்பசி மழைக்கு மறுநாள், எனக்குக் காய்ச்சல் என்பதால் அவள் மட்டும் போனாள். ஊறியிருந்த பாறை சரிந்து அவள்மேல் விழுந்தது.

அடக்கம் முடிந்து சில நாட்களில், மிஷன் பள்ளி ஆசிரியையான அவள் அம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"அவ எதத் தேடித்தான் அங்க போனா? எனக்குக் காட்டு, வா."

என் அம்மா தடுக்கவில்லை. "டீச்சரோட போயிட்டு வா" என்றார்.

சரிந்த கற்களுக்கு நடுவே விரல்நீளப் பளிங்கு ஒன்றைப் பொறுக்கி அவரிடம் கொடுத்தேன். சேலைத் தலைப்பால் மண்ணைத் துடைத்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பேருந்து ஒன்று ஹாரன் அடித்தபடி எங்களை உரசினாற்போல் போனது, அவர் நிமிரவில்லை.

"இம்புட்டுதானா" என்றார்.

அதைக் கீழே வைத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வீடு வரும்வரை விடவில்லை. விரல்கள் நொந்தன.