பணம் எடுக்கப் பழகப் போன நாள்

மலேசியாவில் ஜெராம் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் நான் ஆசிரியர். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் சேமிப்பைக் கோல சிலாங்கூரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் போட்டு வைத்திருந்தோம். வட்டி அதிகம் என்பதால் நானும் மனைவியும் சேர்த்த பணமும் அங்கேதான் இருந்தது. பணம் எடுக்கவும் பிள்ளைகள் பழகட்டும் என்று ஒருநாள் அவர்களைப் பஸ்ஸில் அழைத்துப் போனேன்.

“இன்னிக்கு முடியாதுலா சார், அடுத்த வாரம் வாங்க” என்றார் கவுண்டரில் இருந்தவர்.

மாணவி செல்வி விடவில்லை. “போடறப்ப மட்டும் உடனே வாங்கிக்கிட்டீங்க. எங்க காசு பூராத்தையும் குடுங்கண்ணே” என்று சத்தம் போட்டாள். மற்ற பிள்ளைகளும் சூழ்ந்துகொண்டார்கள். அவர் முகம் வெளுத்துப்போய் முழுவதையும் எடுத்துக் கொடுத்தார். பெரியவர்களிடம் அப்படிப் பேசலாமா என்று பஸ்ஸில் அவளைக் கண்டித்தேன்.

அடுத்த வாரம் சங்கத்தின் கதவில் பூட்டு தொங்கியது. வாசலில் அழுதுகொண்டிருந்த கூட்டத்தில் நானும் நின்றேன். எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. வீட்டுக்கு வந்து, “போயிடுச்சு” என்று மனைவியிடம் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். என்ன குழம்பு என்றுகூடத் தெரியவில்லை.

இப்போதெல்லாம் எங்கே பணம் போட்டாலும் முதலில் கொஞ்சம் போட்டு, அதைத் திரும்ப எடுத்துப் பார்த்த பிறகே மீதியைப் போடுகிறேன். பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறேன். கவுண்டரில் அவர்கள் குரலை உயர்த்தினால் நான் தடுப்பதில்லை.