இறக்கை உறைகளுக்குப் போட்ட கஞ்சி

நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்குப் பதினாறாம் வயதில்தான் வந்தது. இது நடந்தபோது எனக்குப் பத்து வயது. ஆகவே தேதியைச் சொல்ல முடியவில்லை. யுத்தம் நடந்துகொண்டிருந்தது. மார்கழி மாதம். ஒரு வெள்ளிக்கிழமை உறைகளைத் துவைத்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமை காலை மாமாவுக்கு வேலை போயிற்று. இவ்வளவும் உறுதி.

திண்டிவனத்திலிருந்து கிளியனூர் போகும் வழியில் பனங்காட்டை வெட்டிச் சமப்படுத்தி, விமானம் இறங்குவதற்கு ஒரு செம்மண் தளம் போட்டிருந்தார்கள். அங்கே இருந்த சிப்பாய்களின் துணிகளை வெளுக்கும் வேலை எங்கள் வீட்டுக்குக் கிடைத்தது. அம்மா ஏரியில் துவைப்பாள். நான் அலசிக் காயப் போடுவேன். காக்கிச் சட்டைக்கும் நிஜாருக்கும் கஞ்சி போட்டு, தரையில் நிறுத்தினால் ஆள் இல்லாமலே நிற்கிற மாதிரி கொடுக்க வேண்டும். கஞ்சி போடாத துணியைக் கொடுத்தால் பாதி வேலை செய்துவிட்டுக் கொடுத்ததாக அர்த்தம். எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய அவமானம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

மாமா என்பது அம்மாவின் தம்பி. வெளுக்கிற தொழில் வேண்டாமென்று விழுப்புரத்துக்குப் போய், ரயில் பெட்டிகளுக்கு வர்ணம் அடிக்கக் கற்றுக்கொண்டவர். விமானத் தளத்தில் வர்ணக்காரர் தேவை என்று அம்மா சொல்லியனுப்பி, அவரும் வந்து சேர்ந்திருந்தார். ஒரு மாதம் பார்ப்போம், அடித்த வர்ணம் நின்றால் வேலை நிரந்தரம் என்று தளத்து மேஸ்திரி சொல்லியிருந்தார். நிரந்தரம் ஆனால் கல்யாணம் என்று மாமா சொல்லியிருந்தார்.

அவர் பொறுப்பில் இருந்தது இரண்டு பேர் உட்காரக்கூடிய ஒரு சின்ன விமானம். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு இறக்கைகள். அவை தகரம் அல்ல. மரச் சட்டத்தின்மேல் துணியை இழுத்து ஒட்டி, அதன்மேல் வர்ணம் பூசியவை. விமானம் ஓடிக் கிளம்பும்போது செம்மண்ணும் பொடிக்கல்லும் பறந்து இறக்கைகளின் முன் விளிம்பில் அடிக்கும். அங்கே வர்ணம் புள்ளி புள்ளியாகப் பெயர்ந்துவிடும். அந்தப் புள்ளிகளின் வழியே ஈரம் இறங்கினால் துணி இற்றுப்போகும். மாமாவுக்கு முன்னால் இருந்தவரால் அதைத் தடுக்க முடியவில்லை. மாமா முன் விளிம்பு நெடுக நான்கு விரல் அகலத்துக்குத் துணிப்பட்டை ஒட்டினார். அதன்மேல் மெல்லிய பூச்சாக ஐந்து முறை அடித்தார். ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்துவிட்டுத்தான் அடுத்தது. விமானம் நிற்கும்போது காற்றில் மணல் அடிக்காமல் இருக்க, முன் விளிம்புகளுக்குக் காடாத் துணியில் நீளமான உறைகள் தைத்து மாட்டினார். தலையணை உறையைப் போலத்தான் இருக்கும். நீளம் மட்டும் அதிகம்.

விமானத்தின் இறக்கை துணி என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு அதில் ஓர் உரிமை வந்துவிட்டது. துணி என்றால் எங்கள் வீட்டு விவகாரம் அல்லவா? ஒரு நாள் மூட்டையோடு போனபோது, விமானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிப் போய் இறக்கையைத் தடவிப் பார்த்தேன்.

“ஏய், கைய எடு! தலைல எண்ணெயத் தடவிக்கினு வந்து என் பெயிண்ட்டத் தொடறியா? போய் கயித்துக்கு அந்தாண்ட நில்லு!” என்று மாமா கத்தினார்.

“உட்டுடு பெயிண்டரே, உங்க அக்கா பொண்ணு ஏரோப்ளேன ஓட்டிக்கினா போயிடப்போவுது?” என்றார் விமானத்தைத் தள்ளி நிறுத்தும் கலாசிகளில் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நான் கயிற்றுக்கு வெளியே போய் நின்றேன்.

அதற்கு அடுத்த வாரம் அம்மாவுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. மாமாவுக்கு வார்னிஷ் வாங்க விழுப்புரம் போக வேண்டியிருந்தது. கிளம்புமுன் நான்கு உறைகளையும் கொண்டுவந்து போட்டார்.

“சவுக்காரமே போடக்கூடாதுக்கா. வெறுந்தண்ணி. உள்பக்கம் திருப்பி நல்லா உதறணும். ஒரு மண்ணு உள்ள இருந்தாலும் உரசி உரசி பெயிண்ட்டத் தின்னுடும்.”

அம்மா பாயில் படுத்தபடியே என்னிடம் சொன்னாள்: “நல்லா பண்ணுடி. மாமாவுக்குப் பேரு வர்ற வேல.”

நல்லாத்தான் செய்தேன். உள்பக்கம் திருப்பி உதறினேன். ஏரித் தண்ணீரில் அலசி, மறுபடி உதறினேன். சவுக்காரத்தைத் தொடவே இல்லை. பிறகு சட்டைகளுக்காகக் காய்ச்சிய கஞ்சியில், கெட்டியான அடிக்கஞ்சியாகப் பார்த்து, நான்கையும் உள்ளும் புறமும் முக்கியெடுத்தேன். மாமாவுக்குப் பேர் வர வேண்டும் என்பது ஒரு காரணம். கயிற்றுக்கு வெளியே நிறுத்தப்பட்டவளின் வேலை எப்படிப்பட்டது என்று காட்ட வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டில் எது பெரியது என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை.

உறைகள் பலகை போலக் காய்ந்தன. வாங்கிக்கொண்ட கலாசி, “இன்னா பாப்பா, இது உறையா தகரமா?” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அன்று மாலையே மாட்டினார்கள். சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் மூடுபனி, விமானம் கிளம்பவில்லை. இரவெல்லாம் பனியில் நனைந்து, பகலில் கொஞ்சம் காய்ந்து, உறைகள் அப்படியே கிடந்தன. செவ்வாய்க்கிழமை காலை, மாமா திரும்பி வந்து சேர்ந்த அதே நேரத்தில், கலாசிகள் உறைகளை இழுத்தார்கள். கூடவே வர்ணமும் பட்டை பட்டையாக உரிந்து வந்தது. நான் சட்டை மூட்டையோடு அங்கேதான் நின்றிருந்தேன்.

“இன்னாய்யா இது, அஞ்சு பூச்சு அடிச்சேன்னியே! அப்பளம் மாதிரி வருது?” என்றார் மேஸ்திரி. “வேகன் பெட்டிக்கு அடிக்கிறவனக் கூட்டியாந்து ஏரோப்ளேனுக்கு வுட்டேன் பாரு, என்னச் சொல்லணும்.”

“ரெண்டு நாள் குடுங்க மேஸ்திரி. சொரண்டிட்டு மறுபடி அடிச்சிடறேங்க.”

“பேஜாரு பண்ணாத. துரை பாத்துட்டாரு. உன் டப்பாவ எடுத்துக்கினு ஜல்தி கெளம்பு.”

மாமா உறை ஒன்றை எடுத்து விரல்களுக்கிடையே கசக்கிப் பார்த்தார். பனி ஈரத்தில் அது துவண்டு கிடந்தது. என் பக்கம் திரும்பினார்.

“பாப்பா, சவுக்காரம் போட்டியா?”

“இல்ல மாமா. சத்தியமா இல்ல.”

“உதறினியா?”

“நாலு தபா உதறினேன்.”

கேட்ட இரண்டுக்கும் உண்மையைத்தான் சொன்னேன். மூன்றாவதாக ஒன்றைக் கேட்க அவருக்குத் தோன்றவில்லை. சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

“அப்ப நான்தான் சரியாத் தேய்க்கல,” என்றார். மேஸ்திரியிடம் அல்ல, என்னிடம் அல்ல, இறக்கையைப் பார்த்துச் சொன்னார். பிறகு டப்பாக்களை எடுத்துக்கொண்டு கயிற்றுக்கு வெளியே வந்தார். என்னை அங்கே நிறுத்தியவர் இப்போது தானும் அங்கே நிற்கிறார் என்று எனக்குள் ஒரு சின்னத் திருப்தி ஓடியது. அதை எழுதாமல் விட்டால் இது பொய்க் கணக்காகிவிடும்.

இருபத்தொரு வருடம் கழித்து, எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்தபின், கஞ்சி போட்ட புடவை ஒன்றை ஈரத்தோடு ஒரு மரக்கதவின்மேல் போட்டுவிட்டேன். அந்தக் கதவுக்கு வர்ணம் அடித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மறுநாள் காலை புடவையை எடுத்தபோது, அதன் பின்பக்கத்தில் நீல வர்ணம் பட்டையாக ஒட்டிக்கொண்டு வந்தது. கஞ்சியில் முக்கிய உறைகள் மூன்று நாள் பனியில் நனைந்து கிடந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அன்றைய நாட்குறிப்பில் ஒரே ஒரு வரிதான்: மாமாவின் வேலையைக் கெடுத்தது நான்.

மாமா அப்போது உயிரோடுதான் இருந்தார். விழுப்புரத்துக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். ஆறிய புண்ணைக் கிளற வேண்டாம் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது பயம். அடுத்த ஆடியில் அவர் காலமானார். கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை.

வேலை போன அந்த மார்கழி முடிந்து, தை பிறந்தபின் அம்மா என்னை விழுப்புரத்துக்கு அழைத்துப் போனாள். மாமா ஒரு ஜவுளிக்கடைக்குப் பெயர்ப் பலகை எழுத ஒப்புக்கொண்டிருந்தார். மூன்றாவது நாளாக வெறும் பலகையை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் வெளியே வந்து, “பொங்கலுக்கு மாட்டணும்னு குடுத்தேன்யா. பொங்கலே முடிஞ்சிப்போச்சு, நீ இன்னும் தேச்சிக்கினே கீற!” என்றார்.

“இன்னும் தேச்சா அந்தாண்ட இருக்கற தெரு தெரியும் மாமா,” என்றேன் நான்.

கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். மாமாவும் சிரித்தார். மரத்தூளை வாயால் ஊதிவிட்டு, புதிய தாள் ஒன்றை மடித்து எடுத்தார்.

“இன்னும் ஒரே ஒரு தபா, பாப்பா.”

கையில் வேலை ஓடாத மந்தமான மனிதர் என்றுதான் அப்போது அவரைப் பற்றி நினைத்தேன்.