மானுக்கு நின்ற வாகனங்கள்

இதை எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் ஒரு தகுதியும் இல்லை. கடைசியாக நான் ஒரு பக்கத்துக்கு மேல் எழுதியது பள்ளிக்கூடத்தில், சாதாரண தரப் பரீட்சையில். அதிலும் தமிழுக்குச் சாதாரண சித்திதான். நாலு பேர் நிற்கிற இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன் நான். பிழை இருந்தால் வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். உள்ளே வைத்திருக்க ஏலாமல்தான் எழுதுகிறேன்.

என் அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் வெண்புரை. வலது கண்ணுக்கு வெளிச்சம் மட்டும் தெரியும். இடது கண்ணுக்கு ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. அவர் சட்டைகளுக்கு விளிம்பு தைத்து, பொத்தான் தைத்துச் சீவிக்கிறவர். நான் துறைமுகத்துப் பக்கம் ஒரு கயிற்றுக் கடையில் வேலை செய்கிறேன். காலையில் வேலைக்குப் போக முதல் பத்துப் பன்னிரண்டு ஊசிகளில் நூல் கோத்து, ஒரு துணித்துண்டில் குத்தி வைத்துவிட்டுப் போவேன். அந்த ஊசிகள் முடிந்தால் அக்காவின் வேலையும் முடிந்தது.

அன்று கண் கிளினிக்கில் அவருக்கு ஒப்பரேசனுக்குத் திகதி போடுவதாக இருந்தது. எட்டு மணிக்கு முன், வைத்தியர் குறிப்பு எழுதுகிற கிளினிக் கொப்பியை வாசலில் உள்ள பெட்டியில் போட வேண்டும். எட்டு மணிக்குப் பெட்டியை உள்ளே எடுத்துவிடுவார்கள். தவறினால் திகதி மாதக்கணக்கில் பின்னுக்குப் போகும்.

எங்கள் ஊர் சாம்பல்தீவில் பஸ் பிந்தி வந்தது. நகரத்தில் இறங்கும்போது ஏழரை. ஆஸ்பத்திரிக்குப் போக ஒரேயொரு தெருவைத்தான் கடக்க வேண்டும். சீமெந்து லொறிகள் துறைமுகத்துக்கு இறங்கிற தெரு. நடந்து போகிறவர்கள் கடக்க அதில் ஒரு மஞ்சள் கோட்டுக் கடவை இருக்கிறது. இப்போது வெள்ளை அடித்திருக்கிறார்கள், ஆனால் எங்கள் வாயில் அது மஞ்சள் கோடுதான்.

கடவையின் முனையில் கால் வைக்க இடமில்லாமல் வெற்றிலைத் துப்பல். காத்து நிற்கிறவர்கள் துப்பித் துப்பி அந்த இடம் புண் மாதிரி இருந்தது. மீன் வான்கள் சிந்திவிட்டுப் போன தண்ணீர் தேங்கி நின்று நாறியது. அதற்குள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒருவரும் நிற்கவில்லை. கோட்டில் ஒரு காலை வைத்தால் வேகத்தைக் கூட்டுகிறார்கள், நாங்கள் பயந்து காலை எடுக்க வேண்டும் என்று. முன்னால் பிள்ளையை இருத்தி மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் எங்கள் முகத்தைப் பார்த்தார், அக்காவின் கண்ணைப் பார்த்தார், ஹோர்னை அழுத்திக்கொண்டு போனார். அந்தப் பிள்ளையும் பார்த்துக்கொண்டு போனது.

நடக்கிறவர்கள் மட்டும் திறம் என்று நினைக்க வேண்டாம். காதில் போனை வைத்துக்கொண்டு, லொறிக்கும் பஸ்ஸுக்கும் இடையில் நினைத்த இடத்தால் புகுந்து போனார்கள். கந்தோர் உத்தியோகத்துக்குப் போகிற உடுப்பில் வந்த ஒருவர், வாகனம் வருகிற பக்கம் அக்கா இருக்கும்படி அக்காவுக்கு மறுபக்கம் வந்து நின்றார். முதலில் அடிபட ஒரு ஆள் வேண்டும் அவருக்கு. சிறு இடைவெளி கிடைத்ததும் எங்களை விட்டுவிட்டு ஓடிவிட்டார். நன்றாகத் தோய்த்து அழுத்திய சேட்.

"என்னடா நிக்கிறாய்? கையைக் காட்டன்" என்றார் அக்கா.

"காட்டிறன் அக்கா."

"எங்க காட்டிறாய்? எனக்குத்தான் தெரியேல்லை. அவங்களுக்குமே தெரியேல்லை?"

"காட்டிறன்தானே."

"ஒண்டுக்குப் போக வாத்தியாரிட்டக் கேக்கிறமாதிரி இடுப்போட வைச்சுக் காட்டுவாய். உன்னை எனக்குத் தெரியாதே."

அவர் சொன்னது சரி. என் கை இடுப்புக்கு மேலே எழும்பவில்லை.

அப்போது கடவையிலிருந்து இருபது முப்பது அடி தள்ளி, குப்பைமேட்டுப் பக்கமிருந்து ஆறேழு மான்கள் தெருவில் இறங்கின. இந்த நகரத்தில் மான்கள் மாடு மாதிரித் தெருவில் திரியும். ஒன்றின் வாயில் பொலித்தீன் பை தொங்கியது. தெரு முழுவதும் நின்றுவிட்டது. லொறி நின்றது. ஓட்டோக்கள் நின்றன. சுற்றுலா வந்த வான் ஒன்று நின்று, யன்னல்களால் போன்கள் வெளியே வந்தன. ஒரு மான் நடுத்தெருவில் நின்று ஆறுதலாகப் புழுக்கை போட்டது. ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை. எங்களுக்கு நிற்காத அதே ஆட்கள் காலை ஊன்றிச் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

மான் கடக்கும்போது அதோடு சேர்ந்து கடப்பது இங்கே எல்லோருக்கும் பழக்கம். நின்ற சனம் எல்லாம் அந்தப் பக்கம் ஓடியது. நானும் அக்காவை இழுத்துக்கொண்டு போனேன். ஒரு நாளும் மஞ்சள் கோட்டிலிருந்து விலகிக் கடந்திராதவன் நான். மற்றப் பக்கம் ஏறியதும் ஒரு இளம் பொலிஸ்காரர் மறித்தார். ஓடத் தெரிந்தவர்கள் போய்விட்டார்கள். மெதுவாக வந்த நாங்கள் இரண்டு பேர்தான் மிச்சம்.

"ஐயா, மஞ்சள் கோடு எங்க இருக்கு?" என்றார்.

"அங்க."

"நீங்க எதால வந்தனீங்க?"

"மான் வந்தது..."

"மானுக்குச் சட்டம் தெரியாது ஐயா. உங்களுக்குத் தெரியும்தானே?"

"தம்பி, எனக்குக் கண் கிளினிக்" என்றார் அக்கா. "எட்டு மணிக்குப் பெட்டியை எடுத்துப்போடுவினம்."

"நான் தண்டம் எழுதேல்லை அம்மா. உங்கட பாதுகாப்புக்குத்தான் சொல்லுறன். திரும்பிப் போய் மஞ்சள் கோட்டால வாங்க. அப்பதான் பழகும்."

கடந்து முடித்தவர்களை, கடக்கத் தெரியவில்லை என்று திருப்பி அனுப்புகிறார். திரும்பிப் போவதற்கு அவரே கையைக் காட்டி வாகனங்களை மறித்தும் தந்தார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அவருக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. "சரி ஐயா" என்றேன். அந்த இரண்டு சொல்லை நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது.

நாங்கள் கடவையின் முனைக்குத் திரும்பி வர, அவர் ஹெல்மெட் இல்லாத ஒருவரை மறிக்கப் போய்விட்டார். மறுபடியும் அதே துப்பல், அதே நாற்றம். ஒருவரும் நிற்கவில்லை. மணி எட்டாக ஐந்து நிமிடம்.

அக்கா என் கையை உதறிவிட்டு நேரே இறங்கி நடந்தார். வருவது தெரியாதபடியால் அவருக்குப் பயமும் இல்லை. ஒரு வான் கிறீச்சிட்டு நின்றது. அவருடைய கைப்பை அதில் தட்டுப்பட்டு விழுந்து, கிளினிக் கொப்பி மீன் தண்ணீருக்குள் போனது.

சாரதி தலையை வெளியே போட்டு, "என்ன மனிசி, கண் தெரியேல்லையே?" என்றார்.

"ஓம், தெரியாது. அதைக் காட்டத்தான் ஆஸ்பத்திரிக்குப் போறன். உமக்கு என்ன வருத்தம்?"

அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். ஒருவன் போனில் படம் பிடித்தான். நான் குனிந்து கொப்பியை எடுத்து என் சேட்டில் துடைத்தேன்.

தெருவைக் கடந்து, ஆஸ்பத்திரி வளவு முழுவதும் நடந்து கிளினிக் வாசலுக்கு வரும்போது எட்டு மணி கடந்து ஆறு நிமிடம். பெட்டி இருந்த மேசை வெறுமையாக இருந்தது. "உள்ள ஒருக்காச் சொல்லிப் பார்" என்றார் அக்கா. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு தாதி கொப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என் கைக்கெட்டும் தூரம். "மிஸ்" என்று ஒரு சொல் கூப்பிட்டால் போதும். கூப்பிடாமல் கொப்பியை மறுபடியும் சேட்டில் துடைத்துக்கொண்டு நின்றேன். அவர் கொப்பிகளைத் தூக்கிக்கொண்டு மற்ற அறைக்குப் போனார்.

வாகனக்காரரில் எனக்கு வந்த அருவருப்பு பெரிதுதான். ஆனால் அந்தக் கதவடியில் என்னில் வந்தது அதைவிடப் பெரிது.

"கேட்டனியே?" என்றார் அக்கா.

"இல்லை."

அவர் கொப்பியைத் தடவி வாங்கிப் பைக்குள் வைத்தார். பிறகு, "எனக்குக் கண்ணில ஒப்பரேசன். உனக்கு வாயில செய்யவேணும்" என்றார். நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் நான் தனியே போய்க் கொப்பியைப் பெட்டியில் போட்டேன். நாலு மாதத்துக்குப் பிந்திய ஒரு திகதியை எழுதித் தந்தார்கள்.